பாட்டியை ஒப்படைக்கிறோம், ஞாயிற்றுக்கிழமையை ஒப்படைக்கத் தயங்குகிறோம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். கணவர் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். ரேஷன் கடைக்குப் போவது, மின்கட்டணம் கட்டுவது, என் மாமியாரைப் பேருந்தில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று மாத்திரை வாங்கி வருவது எல்லாம் அவன்தான். இரண்டு மாதங்களுக்கு முன்பு டியூஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வகுப்புத் தோழர்களுடன் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போயிருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அவன் தூங்கிய பிறகு அவனுடைய போனை எடுத்துப் பார்க்கிறேன். இப்போது ஒரு தோழனின் பைக்கில் முட்டம் கடற்கரைக்குப் போக அனுமதி கேட்கிறான். எப்படி நம்பி அனுப்புவது?
– ஒரு தாய், தக்கலை

பதில்: சகோதரி, முதியவர் ஒருவரைப் பேருந்தில் ஏற்றி இறக்கி, வரிசையில் நின்று மருந்து வாங்கி, பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் பிள்ளையை நீங்கள் ஏற்கெனவே நம்புகிறீர்கள். வேலை என்றால் பெரியவனாகத் தெரியும் அதே மகன், பொழுதுபோக்கு என்றதும் சிறுவனாகிவிடுகிறான். இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. அப்பா வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்கள் பலவற்றில் "இனி வீட்டுக்கு நீதான் ஆம்பிள" என்று தொலைபேசியில் சொல்வதும், அதே இரவில் அந்த ஆம்பிளையின் போனைச் சோதிப்பதும் சேர்ந்தே நடக்கின்றன.

மாத்தூர் விஷயத்தில் அவன் பொய் சொன்னது தவறுதான். அதை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் அன்று அவன் கேட்டிருந்தால் நீங்கள் போக விட்டிருப்பீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். எதைக் கேட்டாலும் 'வேண்டாம்' என்ற பதில்தான் வரும் என்று தெரிந்த பிள்ளை, கேட்பதை நிறுத்திவிடுகிறான். இப்போது முட்டத்துக்குப் போகட்டுமா என்று அவன் வாய்விட்டுக் கேட்டிருப்பது, இரண்டு மாதக் கண்காணிப்புக்குப் பிறகும் உங்களிடம் திரும்பி வந்திருக்கிறான் என்பதன் அடையாளம். அதற்காகவாவது, கேட்டவுடனே மறுக்காமல் உட்கார்ந்து பேசுங்கள்.

பைக்குக்கு மட்டும் தயங்காமல் மறுப்புச் சொல்லுங்கள். கியர் வண்டி ஓட்ட 18 வயது நிறைந்து உரிமம் பெற்றிருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. உங்கள் மகன் பின்னால்தான் உட்காரப் போகிறான் என்றாலும் விழுந்தால் அடி இருவருக்கும்தான். "உன்னை நம்பாததால் சொல்லவில்லை, இதில் உன் அப்பாவே கேட்டாலும் இதே பதில்தான்" என்று காரணத்தோடு சொன்னால், கோபப்பட்டாலும் அவனுக்குப் புரியும். முட்டம் பேருந்தில் போய்வரக்கூடிய தொலைவுதான்.

கடல் விஷயம் வேறு. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி இறந்ததை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அவர்கள் படித்தவர்கள், வயது வந்தவர்கள். தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலில் எழும் புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று கரையேறும். மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். இது தெரியாதவனுக்கு எவ்வளவு நிதானம் இருந்தும் பயனில்லை. ஆகவே நீங்களே எச்சரித்துக்கொண்டிருக்காமல், அன்றைய கடல் எச்சரிக்கையைப் பார்த்து, அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டு வந்து உங்களுக்குச் சொல்லும் பொறுப்பை அவனிடம் கொடுங்கள். எந்தப் பேருந்து, யார் யார், எத்தனை மணிக்குத் திரும்புவது, கையில் எவ்வளவு பணம் என்பதையும் அவனே திட்டமிடட்டும். கடலில் இறங்குவதில்லை, ஈரப் பாறையில் ஏறுவதில்லை என்ற இரண்டு நிபந்தனைகள் உங்களுடையவையாக இருக்கட்டும்.

திரும்பி வரும்போது அரை மணி நேரம் தாமதமாகலாம். ஒருவன் இறங்கிவிட்டான் என்று அவனே சொல்லவும் கூடும். அப்போது நீங்கள் முதலில் என்ன கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த முறை அவன் எவ்வளவு சொல்வான் என்பது முடிவாகும். "அப்பவே சொன்னேனே" என்று தொடங்காமல், "பிறகு என்ன ஆச்சு, மக்களே?" என்று கேட்க முடிந்தால் நல்லது. எளிதில்லைதான், என் மகளிடம் நான் பல முறை தோற்றிருக்கிறேன்.

போனைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, இதுவரை பார்த்ததையும் அவனிடம் சொல்லிவிடுங்கள். பொய் சொல்லாதே என்று கேட்கும் வீட்டில் அதுவும் ஒரு கணக்குத்தான்.

கேள்வி: நான் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி. கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருக்கும் 17 வயது மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. போன மாதம் அதில் 600 ரூபாயைத் தோழியின் பிறந்தநாளுக்குச் செலவழித்துவிட்டாள். ஏடிஎம் கார்டை நான் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு தந்தை, குலசேகரம்

பதில்: வேண்டாம். 10 வயது நிறைந்த பிள்ளை தன் சேமிப்புக் கணக்கைத் தானே இயக்க ரிசர்வ் வங்கியே அனுமதித்திருக்கிறது. உங்கள் மகள் கல்லூரிக்கே வந்துவிட்டாள். 600 ரூபாயில் செய்யும் தவறு, சம்பளக்காரியான பிறகு செய்யும் தவறைவிட மலிவானது. கார்டின் ரகசிய எண்ணையும் போனில் வரும் ஓடிபி எண்ணையும் யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். போன மாதம் மீதி 400 ரூபாயில் அவள் எப்படிச் சமாளித்தாள் என்று கேளுங்கள். சமாளித்திருந்தால் கார்டு அவளிடமே இருக்கட்டும். சமாளிக்க முடியவில்லை என்றால், இந்த மாதம் பணம் வந்த அன்றே செலவுகளை ஒரு தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். கார்டு அப்போதும் அவளிடம்தான்.