‘ழ’வும் ஒரு தாம்பாளமும்

ஐயா, வணக்கம்.

என் மகனுக்கு நாலரை வயது, எல்கேஜி. தினமும் ஒரு பக்கம் ‘அ’ எழுதி வரச் சொல்கிறார்கள். பென்சிலைக் கண்டாலே அழுகிறான். இடக்கைப் பழக்கம் வேறு. மாற்று, மாற்று என்கிறார் மாமியார். எழுதப் படிக்கப் பழக நல்ல ஆப் உண்டா? எந்த நோட்டு வாங்குவது? நேற்று பொறுக்க முடியாமல் கையில் ஒன்று போட்டுவிட்டேன்.

எஸ்., தேவகோட்டை

அன்புள்ள எஸ்.,

ஊர்வீட்டுப் பழைய பாத்திரங்களை எடைக்குப் போட்டுவிடலாமா என்று பங்காளி ஒருவர் போனில் கேட்டார். அதே நினைப்பில் இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

முதலில் கோபம். எழுத வேண்டிய கையிலேயே அடித்துவிட்டு, எழுதமாட்டேன் என்கிறான் என்றால் என்னம்மா நியாயம்? இனி வேண்டாம். இடக்கை இடக்கையாகவே இருக்கட்டும். ஆப் தேவையில்லை. கோடு போடாத எந்த நோட்டும் சரி.

மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்து. ஒவ்வொன்றாகத்தான் எலும்பாகும், கடைசி எலும்புக்கு ஒன்பது வயதாவது ஆகும். அந்தக் கையிடம் ஒரு பக்கம் கேட்கிறோம். அதுவும் ‘அ’! சுழித்து, வளைத்து, குறுக்கே இழுத்து, பக்கத்தில் ஒரு கோடும் இறக்கவேண்டும். ‘ட’ என்றால் கீழே ஒரு கோடு, பக்கவாட்டில் ஒரு கோடு, முடிந்தது. அப்புறம் ‘ப’, பிறகு ‘ம’. இந்த மூன்றும் ஒரு புள்ளியும் வந்துவிட்டால் படம், பட்டம், மடம் எல்லாம் அவன் கையில். அதுவரை சீடைக்கு மாவு உருட்டட்டும், முற்றத்தில் சாக்பீஸால் கிறுக்கட்டும்.

நான் எழுத்துக் கற்றது பாத்திரத்தில். ஒரே வீட்டில் நாலைந்து புள்ளி, அதாவது தனித்தனிக் குடும்பம். விசேஷம் முடிந்த மறுநாள் வளவு என்கிற உள்முற்றம் முழுக்கத் தாம்பாளமும் அண்டாவும் கலந்து கிடக்கும். எங்களுடையதில் ‘மு.பழ.’, சித்தப்பா வீட்டுடையதில் ‘மு.ப.’ என்று உளியால் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். புளி போட்டுத் துலக்கித் துலக்கி எழுத்து தேய்ந்திருக்கும். விரலால் தடவித்தான் படிக்கவேண்டும். “நம்ம தாம்பாளத்தைப் பாத்து எடுத்துட்டு வாடா” என்பார் அப்பத்தா. மாற்றித் தூக்கிக்கொண்டு போனால் திட்டமாட்டார். “இதுல ‘ழ’ எங்க இருக்கு, காட்டு” என்பார். தடவிப் பார்ப்பேன். இருக்காது. அந்தச் சுழியைத் தேடித் தேடியே என் விரலுக்கு ‘ழ’ வந்தது. அப்பத்தாவுக்குத் தன் பெயரை எழுதுவதற்கு மேல் எதுவும் தெரியாது.

நான் சொல்ல வருவது, பிள்ளைக்கு எழுத்தால் ஆகவேண்டிய வேலை ஒன்று வேண்டும். பக்கம் நிரப்புவது வேலையா? உங்கள் மகனுக்கு அதில் என்ன கிடைக்கிறது, ஒரு சிவப்பு டிக்! வேலை கொடுங்கள். டப்பாக்களில் உப்பு, பருப்பு, மிளகு என்று எழுதி ஒட்டி, எடுத்து வரச் சொல்லுங்கள். மிளகுக்குப் பதில் சீரகம் வந்தால் அன்றைக்கு ரசத்தில் சீரகமே போடுங்கள். பஸ் ஸ்டாண்டில் காரைக்குடி பஸ் எது, திருவாடானை பஸ் எது என்று அவன்தான் கண்டுபிடித்துச் சொல்லவேண்டும். அவசர நாளில் வேண்டாம். கடைக்குப் போகும் சீட்டில் ஒரு சாமானையாவது அவன் எழுதட்டும். ‘பருப்பு’ என்பது ‘பருபு’ என்று வரும், கடைக்காரருக்குப் புரியும்.

ராத்திரி பத்து நிமிஷம் மடியில் வைத்து, வரிமேல் விரலை ஓட்டிச் சத்தமாக வாசியுங்கள். குழந்தைகளுக்கென்றே பாட்டெழுதிய அழ. வள்ளியப்பா 1922இல் பிறந்தது நம் பக்கத்து ராயவரத்தில். அந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு ஆப் கேட்கிறீர்கள்.

பாத்திரத்தை எடைக்குப் போடக்கூடாது என்று பங்காளியிடம் சொல்லிவிட்டேன். வீட்டுப்பாடம் எங்கே என்று மிஸ் கேட்டால் இந்தப் பதிலைக் காட்டுங்கள். கோபம் வந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், ஒரு பக்கத்துக்கு மிகாமல்.