ஒரே கோட்டில் ஒரு திருமுகம்

பரோக் காலத்து (ஏறத்தாழ 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பா) கிறிஸ்தவ அச்சோவியங்களில் குறியீடு என்றால் மண்டை ஓடும் ஆட்டுக்குட்டியும் மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, சில சமயம் கோடே குறியீடாகிவிடும்.

பிரெஞ்சுக் கலைஞர் கிளாத் மெலான் 1649-இல் செதுக்கிய இயேசுவின் முகத்தைப் பாருங்கள். மூக்கு நுனியில் ஒரு கோடு தொடங்குகிறது. கொசுவர்த்திச் சுருளைப் போல (ஒப்புமை கொஞ்சம் மட்டம்தான், வேறு தோன்றவில்லை) சுற்றிச் சுற்றி விரிந்து, அறுபடாமல் ஓரம்வரை போகிறது. செப்புத் தகட்டில் உளி ஆழ இறங்கிய இடத்தில் கோடு தடித்து நிழலாகிறது. மேலோடிய இடத்தில் மெலிந்து ஒளியாகிறது. கண், தாடி, முள்முடி, வழியும் இரத்தத்துளி எல்லாம் இப்படி வந்தவையே.

அடியில் உள்ள லத்தீன் வாசகத்தின் பொருள்: ‘ஒப்பற்ற ஒருவர் ஒன்றாலேயே உருவாகிறார்’. கடவுளின் ஒரே மகன், ஒரே கோடு.

இன்னொன்றும் உண்டு. இது வெரோனிக்காவின் துணியில் பதிந்த முகம். சிலுவை சுமந்து சென்ற இயேசுவின் முகத்தை வெரோனிக்கா என்ற பெண் துணியால் துடைக்க, அதில் அவர் முகம் பதிந்தது என்பது மரபு; இயேசுவின் பாடுகளை நினைக்கும் சிலுவைப் பாதை வழிபாட்டில் இது ஆறாம் நிலை. அந்தத் துணி முகத்தை ஒற்றி எடுத்தது போலத்தான் தாளும் தகட்டை ஒற்றி எடுக்கிறது. ஆகவே, தூரிகையைவிட அச்சுக்கே இந்தக் காட்சி அதிகம் பொருந்துகிறது என்பேன்.