முகாமுக்கு முன் ஒரு நாள்

கேள்வி: சென்னையில் எங்கள் சபையின் வாலிபர் குழுவிலிருந்து 16 பேர், மே மாதம் திசையன்விளைப் பக்கம் ஒரு கிராமத்தில் வாலிபர் முகாம் நடத்தப் போகிறோம். ஒரு நாள் முன்னதாகவே போய் ஊர் சுற்றிப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. கன்னியாகுமரியில் சூரிய உதயம், குற்றாலம், மணப்பாடு என்று பட்டியல் நீள்கிறது. கமிட்டியில் ஒரு பெரியவர், “காணிக்கைப் பணத்தில் உல்லாசப் பயணமா?” என்று கேட்டுவிட்டார். குழுவுக்குப் பொறுப்பு நான்தான். போகலாமா, வேண்டாமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: அன்புச் சகோதரி, தாராளமாகப் போகலாம். ஆனால் அந்தப் பெரியவர் மேல் கோபப்படாதீர்கள். அவர் கேட்டது பணத்தைப் பற்றி. அந்த ஒரு நாளின் வேன் வாடகையையும் சாப்பாட்டையும் கைப்பணம் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கொடுக்க முடியாத பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். அவர்கள் பங்கைக் காதும் காதும் வைத்தாற்போல் மற்றவர்கள் போட்டுவிடட்டும். கணக்கைப் புறப்படும் முன்பே கமிட்டியில் கொடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது.

எனக்கு உறுத்துவது உங்கள் பட்டியல்தான். கன்னியாகுமரி தெற்குக் கோடியில், குற்றாலம் மேற்கு மலையடிவாரத்தில். உதயம் பார்க்க, இரவெல்லாம் ரயிலில் அரட்டையடித்த கண்களோடு விடியுமுன் போய் நிற்க வேண்டும். குற்றாலச் சாரல் ஜூனில்தான் தொடங்கும். மே மாதம் போனால் பெரும்பாலும் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். இரண்டையும் அடித்துவிடுங்கள். மணப்பாடு இருக்கட்டும்.

நகரத்திலிருந்து கிளம்பும் குழுக்களுக்கு ஒரு நினைப்பு உண்டு, கிராமத்துக்கு நாம்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்று. (எனக்கும் இருந்தது.) நீங்கள் போகும் பக்கத்துக் கோவில்கள் – ஆலயத்தை அங்கே கோவில் என்றுதான் சொல்வார்கள் – பலவற்றுக்கு நம் தாத்தாவின் தாத்தா வயது. அவற்றைப் பார்த்துவிட்டு முகாமுக்குப் போனால் பேசும் தொனியே மாறும்.

ரயிலை விட்டு இறங்கியதும் பாளையங்கோட்டை. கிளாரிந்தா என்ற மராட்டிய பிராமண விதவை எழுப்பிய சிறு கோவில் அங்கே இருக்கிறது. 1785-ஆம் ஆண்டுக் கட்டடம். ஊர்க்காரர்களுக்கு அது பாப்பாத்தியம்மாள் கோவில். ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தார் என்பதால் முதலில் அவருக்கு ஞானஸ்நானம் மறுக்கப்பட்டது; அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-இல்தான் கொடுத்தார்கள். இந்தப் பகுதியை விழுங்கிவிடாமல் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அடுத்து இடையன்குடி. ஒப்பிலக்கணம் எழுதியவர் என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்த கால்டுவெல், 1841-இல் போய்த் தங்கிய செம்மணல் தேரிக்காட்டு ஊர். தமிழ் வாத்தியார் சொன்ன ஆள் ஒரு கிராமத்துப் போதகர் என்பது அந்தக் கோவிலுக்குள் நிற்கும்போதுதான் உறைக்கும். அவர் மனைவி எலைசா நாகர்கோவில் மிஷனரியின் மகள். ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர். கோவில் வேலை 1847-இல் தொடங்கி 1880-இல் முடிந்தது. 1891-இல் கொடைக்கானலில் இறந்த கால்டுவெல்லை இங்கே கொண்டுவந்து கோவிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். மூன்று நாள் முகாமுக்குப் போகிறவர்கள், 33 ஆண்டு வேலையைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்ப்பதில் தப்பில்லை.

வழியில் பதநீர் விற்கிறவரைக் கண்டால் வேனை நிறுத்துங்கள். பனையோலைப் பட்டையில் நுங்கைப் போட்டு ஊற்றித் தருவார். பட்டையின் இரு முனையையும் பிடித்து வாயருகே கொண்டுபோவதற்குள் சென்னைப் பிள்ளைகள் சட்டையில் பாதியைச் சிந்துவார்கள், சிந்தட்டும். முகாமுக்கு வரும் பிள்ளைகளில் யாரோ ஒருவரின் தாத்தா பனையேறியவராகத்தான் இருப்பார். கமிட்டிப் பெரியவருக்கு அரைக் கிலோ உடன்குடிக் கருப்பட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள், கைப்பணத்தில்.

மணப்பாட்டில் கடலோர மணல்மேட்டின் மேல் 1581-இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம். கீழே, 1542-இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. இது கத்தோலிக்க ஊர். சுரூபம் (புனிதர் சிலை) பற்றிய வாதத்தை உங்கள் குழுவில் யாராவது அங்கே தொடங்கினால், வேனில் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுங்கள். கடலில் கால் நனைப்பதோடு சரி, குளியல் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: நேரம். இருபத்தோரு வயதில் நானும் இப்படி ஒரு குழுவில் போனேன். அருவியில் ஆடிவிட்டு, முகாம் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு ஒன்பதரை மணி. கோவில் வராந்தாவில் இட்லியை வேட்டித் துணியால் மூடி வைத்திருந்தார்கள். சாம்பார் ஆடை கட்டிக் கிடந்தது. மாலையிலிருந்து காத்திருந்த பெண்கள் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. “வாருங்கள் தம்பி, கையைக் கழுவுங்கள்” என்றார்கள். மறுநாள் காலையில் நான் பேச வேண்டிய தலைப்பு, ‘காலத்தைப் பிரயோஜனப்படுத்துங்கள்’.

மணப்பாட்டை விட்டு நாலு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். வேனில் ஏறியதும் முகாம் ஊர்ப் போதகரான சேகரகுருவுக்குப் போன் செய்து, இரவுச் சாப்பாட்டுக்கு டிரைவரையும் சேர்த்துப் பதினேழு பேர் என்று சொல்லிவிடுங்கள்.