பெயர் வைக்கும் சித்தப்பாக்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து எழுதுகிறேன். என் மகன் உயர்நிலை 2 படிக்கிறான். பள்ளி விட்டதும் கூட்டாளிகளோடு எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பர்கர் கடைக்குப் போய்விடுகிறான். வாரத்தில் 3 நாள், சில வாரம் 4 நாள். எனக்கும் கணவருக்கும் ஷிப்ட் வேலை. மேசையில் 10 வெள்ளி வைத்துவிட்டுப் போவோம். 2 வருடத்தில் 14 கிலோ ஏறிவிட்டான். மாமியார் கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் செய்து வைக்கிறார், திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நம் பாரம்பரிய உணவை மறந்ததால் வந்த வினைதானே இது? பள்ளிக்கூடங்களுக்குப் பக்கத்தில் இந்தக் கடைகளை அரசாங்கம் தடை செய்யக் கூடாதா? சர்க்கரை அளவைப் பார்த்துப் பானங்களுக்கு ஏ, பி, சி, டி போட்ட மாதிரி பர்கருக்கும் போடலாமே?

தீபாவளிக்கு எல்லாரும் கூடியிருந்தபோது அவனுடைய சித்தப்பா அவனுக்கு 'பர்கர்' என்றே பெயர் வைத்துவிட்டார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். ரோஷம் வந்தாவது குறைப்பான் என்று பார்த்தேன். குறைக்கவில்லை. நீங்கள் சாப்பாட்டைப் பற்றி நிறைய எழுதுகிறீர்கள். ஒரு வழி சொல்லுங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம்.

உங்கள் வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலைதான் என் தம்பியோடு பலதுறை மருந்தகத்துக்குப் போய்வந்திருந்தேன். அவனுக்கு நீரிழிவு. ஆண்டுக்கொரு முறை பாதத்தைச் சோதிப்பார்கள். தாதி, பேனா மாதிரியான ஒரு பிடியில் செருகிய நைலான் இழையை எடுத்தார். தூண்டில் நரம்பு அளவுக்குத்தான் இருக்கும். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், தொட்டது தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். இழை லேசாக வளையும்வரை அழுத்திவிட்டு எடுப்பார். வலது பாதத்தில் ஒவ்வொரு தொடுகைக்கும் தம்பி "ம்" என்றான். இடது கட்டைவிரலில் வைத்தார். இழை வளைந்தது, எடுத்துவிட்டார். தம்பி கண்ணை மூடியபடி, அவர் இனிமேல்தான் வைக்கப்போகிறார் என்று காத்துக்கொண்டிருந்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் உங்கள் கடிதத்தைத் திறந்தேன். பதிலில் கொஞ்சம் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாரம்பரிய உணவு. இந்தக் கேள்வியை மாதம் ஒருவராவது அனுப்புகிறார்கள், எனக்கு அலுத்துவிட்டது. 2010 தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. சீனர்களில் 9.7. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் 2017 தேசிய தினப் பேரணி உரையில் இதைப் பற்றியே நீளமாகப் பேசினார். 60 வயது தாண்டிய இந்தியர்களில் 10 பேருக்கு 6 பேர் என்றார். அந்த 6 பேர் யார்? 1979-இல் ஆர்ச்சர்ட் சாலை லியட் டவர்ஸில் மெக்டொனால்ட்ஸ் முதல் கடையைத் திறந்தபோது அவர்களில் இளையவருக்கே 20 வயது தாண்டிவிட்டது. அவர்கள் வளர்ந்தது சோற்றிலும், கெட்டிப்பால் ஊற்றிய தேநீரிலும், ஞாயிற்றுக்கிழமைப் பரோட்டாவிலும். உங்கள் மாமியார் களி கிண்டுவது நல்ல விஷயம். அதே கையால் தீபாவளிக்கு எத்தனை படி அதிரசம் சுட்டார் என்றும் கேளுங்கள்.

அதற்காகப் பர்கர் கடைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 2019-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, 2 வாரம் தொழிற்சாலையில் மிகவும் பதப்படுத்திய உணவு, 2 வாரம் சமைத்த சாதாரண உணவு கொடுத்தார்கள். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு. வேண்டியமட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். வயிறு போதும் என்று சொல்லக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பஞ்சு மாதிரியான ரொட்டியும் அரைத்துத் தட்டிய இறைச்சியும் அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. 'கூட 50 காசு போட்டால் பெரிய கோப்பை' என்று கேட்கிறார்களே, அதுவும் அப்படித்தான். கோப்பையில் கூடுதலாக விழும் பாகும் தண்ணீரும் ஐஸும் கடைக்காரருக்குச் சில காசுதான். வாடகையும் சம்பளமும் ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டன.

தடை பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. பள்ளிக்குப் பக்கத்தில் மூடினால் கைப்பேசியில் வரவழைப்பான். எழுத்துக் குறி வேறு விஷயம், அது வேலை செய்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கும் விதத்தில் இல்லை. 2022 டிசம்பர் இறுதியில் அடைத்து விற்கும் பானங்களுக்கும், ஒரு வருடம் கழித்துக் கடையில் கலக்கித் தரும் பானங்களுக்கும் வந்தது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 'டி', விளம்பரமும் செய்ய முடியாது. 'டி' விழக்கூடாதே என்று தயாரிப்பவர்கள் சர்க்கரையைக் குறைத்தார்கள். பபிள் டீ வரிசையில் நிற்கும் பிள்ளைகள் யாரும் அந்த எழுத்தைப் பார்த்து விலகிப் போய் நான் கண்டதில்லை.

இனி சித்தப்பாவிடம் வருகிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன 4 வரி அது. எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

1992-இல் நம் பள்ளிக்கூடங்களில் டாஃப் என்றொரு திட்டம் கொண்டுவந்தார்கள். ட்ரிம் அண்ட் ஃபிட். உயரத்துக்கு எடை கூடிய பிள்ளைகளைப் பிரித்தெடுத்துக் கூடுதலாக உடற்பயிற்சி செய்யவைப்பது. 2007-இல் நிறுத்தும்வரை 15 வருடம் நடந்தது. எடை கூடிய மாணவர்கள் 14 விழுக்காட்டிலிருந்து 9.5-க்குக் குறைந்தார்கள் என்பது கணக்கு, அதை நான் மறுக்கவில்லை. என் தம்பி அப்போது தொடக்கநிலை 5. அவன் பள்ளியில் இடைவேளை மணி அடித்ததும் மற்றவர்கள் கேன்டீனுக்கு ஓடுவார்கள். டாஃப் பிள்ளைகள் திடலைச் சுற்றி ஓடுவார்கள். மீ கோரெங் நூடுல்ஸ் தட்டோடு உட்கார்ந்து அதை வேடிக்கை பார்க்க வசதியாக கேன்டீன் பெஞ்சுகள் திடலைப் பார்த்தபடி இருந்தன. 11 வயதுப் பிள்ளை தினமும் அந்தத் திடலைச் சுற்றி ஓடியிருக்கிறான்.

வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. விளையாட்டுக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள் என்றே அம்மா நினைத்தார். ஒரு நாள் அவன் சட்டைப்பையில் இருந்த பள்ளிக் கடிதத்தை நான் எடுத்துப் படித்தேன். எனக்கு 17 வயது. ஆங்கிலத்தில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்திருந்த காலம். ராத்திரி சாப்பாட்டின்போது எல்லாருக்கும் முன்னால் சொன்னேன்: "டேய், டி-ஏ-எஃப். பின்னாலிருந்து படிச்சுப் பாரு."

அவன் அதுவரை கவனித்ததே இல்லை. உதடு அசைய எழுத்துக்கூட்டினான். எஃப். ஏ. டி. ஃபேட். குண்டு. அப்பா சிரித்தார். நான் சிரித்தேன். உங்கள் மகன் சிரித்தானே, அதே மாதிரி அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும், தங்கை. கூட்டத்தில் மாட்டிக்கொண்டவன் வழி கேட்கிற சிரிப்பு அது.

கொஞ்ச நாள் கழித்து அம்மா அவன் பென்சில் பெட்டியில் சில்லி சாஸ் பொட்டலங்களைக் கண்டுபிடித்தார். 11 பொட்டலம். தபால்தலை மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக, மூலை பிசகாமல் அடுக்கியிருந்தான். திருடியிருக்கிறான் என்று ரோத்தான் பிரம்பை எடுத்துவிட்டார். அவன் திருடவில்லை. இடைவேளையில் செலவழிக்க முடியாத காசைச் சேர்த்துவைத்து, பள்ளி விட்டதும் இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளியிருந்த பர்கர் கடைக்கு நடந்துபோய், சுவர்ப்பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். ஏன் அங்கே என்று பல வருடம் கழித்துக் கேட்டேன். "அங்க யாரும் என் தட்டைப் பாக்க மாட்டாங்கக்கா" என்றான்.

இதற்குப் பிறகும் நாங்கள் திருந்தினோம் என்று நினைக்காதீர்கள். அவன் கல்யாணப் பந்தியில்கூட ஒரு மாமா, "மாப்பிள்ளைக்கு டபுள் இலை போடு" என்றார். எடையைப் பற்றிப் பேசுவதை நாம் பாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கதவைத் திறந்ததும் "என்ன, ஒரு சுத்து பெருத்துட்டே?" என்பதுதான் நமக்கு 'வாங்க'. இளைத்தவனையும் விடுவதில்லை, அவனுக்கு 'ஒட்டடைக் குச்சி'. ரோஷம் வந்தால் குறைப்பான் என்கிறீர்களே, ரோஷம் வந்த பிள்ளை நேராக எங்கே போவான்? யாரும் எதுவும் கேட்காத இடத்துக்குப் போவான். குளிர்சாதனம் இருக்கும், எழுந்து போ என்று சொல்லமாட்டார்கள், ஒரு பானத்தை வாங்கி வைத்துக்கொண்டு 3 மணி நேரம் உட்காரலாம். 1992-இல் மெக்டொனால்ட்ஸ் ஹலால் சான்றிதழ் வாங்கியதிலிருந்து மலாய்க் கூட்டாளியும் சீனக் கூட்டாளியும் நம் பிள்ளையும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்து உருளைக்கிழங்கை எடுத்துச் சாப்பிட முடிகிறது. உங்கள் வீட்டு மேசையில் அவனுக்காகக் காத்திருப்பது 10 வெள்ளி நோட்டு. ஷிப்ட் வேலை உங்கள் குற்றம் இல்லை, அதைச் சொல்லிக்காட்டவில்லை. ஆனால் அவன் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் கம்பங்கூழை வைக்கப் பார்க்காதீர்கள்.

என் தம்பியின் நோய்க்கு என் நாக்குதான் காரணம் என்று நாடகம் போடவில்லை. எங்கள் அப்பாவுக்கும் இருந்தது, பெரியம்மாவுக்கும் இருந்தது. நம் உடம்பில் ஆபத்து சீக்கிரமே தொடங்குகிறது, அதனால்தான் உயரத்தோடு எடையை ஒப்பிடும் உடல் எடைக் குறியீட்டில் உலகம் 25 என்று வைத்திருக்கும் எல்லையை இங்கே 23-க்கு இறக்கியிருக்கிறார்கள். ஆனால் ஒன்று தெரியும். 20 வருடம் அவன் எந்த எடைக் கருவிமேலும் ஏறவில்லை. வேலையிடத்தில் இலவசப் பரிசோதனை நடந்தால் அன்றைக்கு விடுப்பு எடுத்துவிடுவான். நோய் தெரிந்தபோது அது பல வருடம் குடியிருந்துவிட்டது.

வழி கேட்டீர்கள். மகனைப் பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ அழைத்துப்போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். 14 கிலோ சின்ன விஷயம் இல்லை. எடை பார்க்கும்போது நீங்கள் வெளியே நில்லுங்கள். கொழுந்தனாரிடம் நீங்கள் பேசத் தயங்கினால் கணவரைப் பேசச் சொல்லுங்கள், அடுத்த விசேஷத்துக்கு முன்பே. உங்களுக்கு ஓய்வு கிடைக்கும் நாளில் அந்தப் பர்கர் கடைக்கே அவனோடு போங்கள். நீங்களும் ஏதாவது வாங்குங்கள். பெரிய கோப்பைக்குப் பதில் தண்ணீர் வாங்கலாமா என்று ஒரு தடவை கேட்கலாம், இரண்டாம் தடவை வேண்டாம். அவன் தட்டைப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தை 3 தடவை படித்தேன். 'என் மகன்' இருக்கிறது, 'அவன்' இருக்கிறது, 'பர்கர்' இருக்கிறது. அவன் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். வெளியிட மாட்டேன்.

அன்புடன்,
அக்கா