சாபமில்லை, பம்பை நிறுத்தினார்கள்

கேள்வி: அமெரிக்காவைக் காரில் சுற்றியவர்கள், ‘பார்த்ததும் மனசு கனத்துப் போச்சு’ என்று சில ஊர்களைச் சொல்கிறார்கள். ஒக்லஹோமாவில் ஓர் ஊர் சாபம் விழுந்ததுபோல ஆளே இல்லாமல் கிடக்கிறதாமே?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இல்லினாய்ஸின் கேரோ, இண்டியானாவின் கேரி, பென்சில்வேனியாவில் தரைக்கடியில் நிலக்கரி எரிந்துகொண்டே இருக்கும் சென்ட்ரேலியா என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். நீங்கள் கேட்கும் ஊரின் பெயர் பிச்சர். கன்சாஸ் எல்லையை ஒட்டி, 69-ஆம் எண் நெடுஞ்சாலையில் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன் அந்தச் ‘சாபம்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். எந்த ஊர் பாழானாலும் நம் எழுத்தில் முதலில் வந்து உட்காரும் சொல் அது. சாபம் என்று சொன்னதுமே செய்தவன் தப்பித்துவிடுகிறான். பிச்சருக்கு யாரும் சாபம் விடவில்லை. சுரங்கத்தில் தண்ணீர் இறைத்த பம்பை நிறுத்தினார்கள்.

நிலம் குவாபா பழங்குடியினருடையது. ஈயமும் துத்தநாகமும் இருப்பது தெரிந்ததும், உரிமையாளர்களில் பலருக்குத் தம் சொத்தைத் தாமே நிர்வகிக்கத் தகுதியில்லை என்று அரசு அலுவலகமே முத்திரை குத்தியது. அவர்கள் பெயரில் குத்தகையையும் எழுதிக் கொடுத்தது. 1926-ல் அங்கே 14,252 பேர் வாழ்ந்தார்கள். சுரங்கத்தை அறை அறையாகக் குடைவார்கள். மேற்பாறை இறங்காமலிருக்க நடுநடுவே தாதுவையே தூணாக விட்டுவைப்பார்கள். தாது தீரத் தீர அந்தத் தூண்களையும் செதுக்கினார்கள். 1967-ல் ஒரே சரிவில் 9 வீடுகள் உள்ளே போயின.

அந்தப் பள்ளங்களில் ஊறும் தண்ணீரை இரவும் பகலும் பம்பு வைத்து இறைத்தால்தான் உள்ளே வேலை நடக்கும். தொழில் 1970-ஓடு முடிந்தது, இறைப்பதும் நின்றது. கெடுதல் இங்கேதான். பாறையில் ஈயத்தோடு இரும்புச் சல்பைடும் உண்டு. தண்ணீருக்கடியில் கிடந்தவரை அது சாது. அரை நூற்றாண்டுக் காலம் காற்றுப் பட்டு அது மாறியிருந்தது. தண்ணீர் ஏறியதும் கரைந்து அமிலமானது. அமிலம் துத்தநாகத்தையும் காட்மியத்தையும் ஈயத்தையும் இழுத்துக்கொண்டது. 1979-ல் அந்த நீர் பழைய சுரங்கத் துளைகள் வழியே பொங்கி, ஊர்ப்பக்கம் ஓடும் டார் ஓடையில் இறங்கியது. வெளிக்காற்றுப் பட்டதும் அதிலிருந்த இரும்பு துருவாகப் படியும். கல்லிலும் வேரிலும் கரைப்புல்லின் அடித்தண்டிலும் காவி வண்டலாக அப்பிக்கொள்ளும்.

ஆனால் குழந்தைகளைக் கெடுத்தது ஓடையைவிட மேடுதான். தாதுவை உடைத்துச் சலித்தபின் மிஞ்சும் பட்டாணி அளவுக் கல்லுக்கு அங்கே ‘சாட்’ என்று பெயர். 200 அடி உயரக் குன்றுகளாகக் குவித்தார்கள். சும்மா கிடைத்த கல் ஆயிற்றே, வீட்டு நடைபாதையிலும் குழந்தைகள் விளையாடும் மணல்தொட்டியிலும்கூடப் போட்டார்கள். பெரிய கல்லைவிட அதன் தூசியில்தான் ஈயம் அதிகம். தூசி விரலில் ஒட்டும், விரல் வாய்க்குப் போகும். 1994-ல் பழங்குடிக் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, மூன்றில் ஒருவருக்கு மேல், டெசிலிட்டருக்கு (100 மில்லி ரத்தத்துக்கு) 10 மைக்ரோகிராம் ஈயம் என்ற அன்றைய எல்லையைத் தாண்டியிருந்தார்கள். இன்று 3.5-ஐத் தாண்டினாலே டாக்டர்கள் கவனிக்கச் சொல்கிறார்கள். அறிவு வளர்ச்சியைத் தின்னும் விஷம் இது, போனது திரும்பாது. 1983-லேயே அந்த இடத்தை நச்சுக்கழிவுத் துப்புரவுப் பட்டியலில் சேர்த்தாயிற்று. குழந்தைகளின் ரத்தத்தைப் பார்க்க அதற்குப்பின் 11 வருஷம் ஆகியிருக்கிறது என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பிறகு வீட்டு முற்றங்களைத் தோண்டி நல்ல மண் கொட்டினார்கள். 2006-ல், கட்டடங்களில் பெரும்பாலானவை எப்போது வேண்டுமானாலும் உள்ளே சரியலாம் என்று ஆய்வு சொன்னது. அரசு வீடுகளை விலைக்கு வாங்கத் தொடங்கியது. 2008 மே 10 அன்று சூறாவளி வந்து மிச்சத்தையும் அடித்துப் போட்டது. 2009-ல் நகராட்சியை மூடினார்கள்.

ஈயம் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தமிழில் வெள்ளீயம், காரீயம் இரண்டையும் ‘ஈயம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். பிச்சரில் தோண்டியது காரீயம். விலை குறைவு என்பதால் சிலர் சொம்பில் காரீயம் கலக்கிறார்கள். புளி ரசமும் அமிலம்தான். அந்தச் சுரங்க நீர் செய்ததை அடுப்பின் மேல் செய்யும். ‘வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகும், அதுதான் சுத்த ஈயம்’ என்று கடையில் சொல்வதை நம்பாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயம் 327-ல். இரண்டுமே அடுப்புத் தீக்குத் தாங்காது. கையில் தூக்கிப் பாருங்கள். அதே அளவுச் சொம்பு காரீயமாக இருந்தால் ஒன்றரை மடங்கு கனக்கும். பாதி கலப்படத்தைக் கை கண்டுபிடிக்காது. உலோகக் கலவையைக் காட்டும் எக்ஸ்ரே கருவி உள்ள கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். நல்ல சொம்பானாலும் ரசத்தை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும்.

உங்கள் உறவினர் யாராவது அந்தச் சாலையில் போனால் சொல்லி வையுங்கள். சாட் மேட்டில் ஏற வேண்டாம், ஞாபகார்த்தமாக ஒரு பிடி கல்கூட எடுத்து வர வேண்டாம். காரில் ஏறுமுன் செருப்பை ஈரத்துணியால் துடைக்க வேண்டும்; உலர்ந்த துணியால் தட்டினால் தூசி மூக்குக்கு வரும். கை கழுவாமல் குழந்தைக்குப் பிஸ்கட் கொடுக்கக் கூடாது.

அந்த மண்ணைச் சீர்செய்வதில் இப்போது குவாபா மக்களே முன்னால் நிற்கிறார்கள். ‘கத்தோலிக் 40’ என்று பெயருள்ள 40 ஏக்கரில் லட்சம் டன்னுக்கு மேல் சாட் கல்லை அவர்களே அள்ளினார்கள். பக்கத்து ஊரான காமர்ஸ் அருகே 2008-ல் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தார் வரிசையாகக் குட்டைகள் வெட்டினார்கள். சுரங்க நீர் முதல் குட்டையில் தேங்கிக் காற்றுப் பட்டு இரும்பைப் படியவிடும். பிறகு நாணல் சதுப்பு. அடுத்து காளான் எருவும் மரச்சில்லும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குட்டையில் மேலிருந்து கீழாக இறங்கும்போது துத்தநாகமும் ஈயமும் சல்பைடாகத் தங்கிவிடும். குட்டைக்குக் குட்டை நீர் தன் சரிவிலேயே இறங்குகிறது. இறைக்கப் பம்பு தேவையில்லை. அது போய்ச் சேரும் கிளையோடையில் மீன் திரும்பியிருக்கிறது. டார் ஓடை இன்னும் காவியாகத்தான் ஓடுகிறது.