துடிக்கும் கட்டியை உருவலாமா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் லாரி ஓட்டும் என் கணவருக்கு வலது முழங்கைக்கு மேல் புளியங்கொட்டை அளவில் கட்டி, தொட்டால் துடிக்கிறது. விரல் நுனிகள் சில்லிட்டு வெளுக்கின்றன. ரத்தத்தில் ஈசினோபில் 4,200 என்கிறார்கள். எண்ணெய் தேய்த்து உருவலாமா டாக்டர்?

பதில்: வேண்டவே வேண்டாம், அம்மா. துடிக்கிறது என்றால் தமனியின் சுவர் உப்பியிருக்கலாம். கையில் இது அரிது. உருவினால் உள்ளே உறைந்த ரத்தம் கழன்று விரல் நாளங்களை அடைத்துவிடும்.

ஈசினோபில் ஒருவகை வெள்ளை அணு. மைக்ரோலிட்டருக்கு 500க்குள் இருக்க வேண்டியது. 1,500ஐத் தாண்டி நீடித்தால் அதன் நச்சுப் புரதங்கள் இதயத்தையும் ரத்தக்குழாயையும் புண்ணாக்கக்கூடும். குடற்புழுவா, மருந்து ஒவ்வாமையா, எலும்பு மஜ்ஜைக் கோளாறா என்பதைப் பிறகு தேடலாம். விரல் வெளுப்பதுதான் என்னைக் கலங்க வைக்கிறது. இன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். லாரியை அவர் ஓட்டி வர வேண்டாம். ரத்தப் பரிசோதனைத் தாளையும் மறவாமல் எடுத்துப் போங்கள்.