ஃப்ளஷ் அழுத்தியதற்கு அப்புறம் எத்தனை பக்கம்?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. கழிவறையிலிருந்து போவதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மலம், கழிவறை வரலாறு பற்றிய சிறுவர் நூல் ஒன்று வாங்கலாம் என்றால், இதையெல்லாம் படித்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்கிறார் மாமியார். ஒரு விற்பனை முகவர் பத்துப் புத்தகங்கள் கொண்ட செட்டாக வாங்கச் சொல்கிறார். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: கெட்டுப்போக மாட்டாள். ‘கால் கழுவி வந்தேன்’ என்பதை இடக்கரடக்கலுக்கு எடுத்துக்காட்டாகப் படித்தவர்கள்தான் நாம் எல்லோரும். நாலு பேர் முன்னால் ஒரு சொல்லை மறைத்துப் பேசுவது நாகரிகம். விஷயத்தையே மறைக்கும்படி எந்த இலக்கணமும் சொல்லவில்லை. புத்தகத்தில் ‘பீ’ என்று இருந்தால் என்ன, ‘மலம்’ என்று இருந்தால் என்ன? அதில் சுமார் முக்கால் பங்கு தண்ணீர் என்று சொல்லியிருக்கிறதா, அதைப் பாருங்கள்.

கடையில் நின்றபடியே ஒன்று செய்யுங்கள். ஃப்ளஷ் அழுத்தும் படம் எந்தப் பக்கத்தில் வருகிறது, அதற்கு அப்புறம் எத்தனை பக்கம் மிச்சம் இருக்கிறது என்று எண்ணுங்கள். ரோமானியர்கள் வரிசையாக உட்கார்ந்த கல் இருக்கை, அரண்மனைக் கழிவறை, விண்வெளிக் கழிவறை என்று சுற்றிக் காட்டிவிட்டு, பெரும்பாலான புத்தகங்கள் அந்தப் படத்தோடு முடிந்துவிடும். உங்கள் மகளின் கேள்வி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

லண்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றித் தள்ளும் கழிவறைகள் வந்ததும் ஊர் சுத்தமாகிவிட்டது என்று எழுதிவிடுவார்கள். நடந்தது தலைகீழ். அதுவரை வீட்டுக் குழிகளில் கிடந்தது, தண்ணீரோடு சேர்ந்து தேம்ஸ் ஆற்றுக்குப் போயிற்று. அந்த ஆற்றிலிருந்து எடுத்த தண்ணீரைத்தான் ஊரில் பலர் குடித்தார்கள். கெட்ட காற்றால் காலரா வருகிறது என்று எல்லோரும் நம்பியிருந்தபோது, தண்ணீரால் வருகிறது என்று 1854-லேயே ஆதாரத்தோடு காட்டினார் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர். அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. 1858 கோடையில் ஆற்று நாற்றம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே நுழைந்த பிறகுதான் பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட்டுக்குப் பாதாளச் சாக்கடை கட்டப் பணம் கிடைத்தது. (தன் மூக்கை எட்டும்வரை கோப்புகளை நகர்த்தாத அதிகாரம் எல்லாக் காலத்திலும் உண்டு.) அவரும் கழிவைச் சுத்திகரிக்கவில்லை. நகருக்குக் கிழக்கே கொண்டுபோய் அதே ஆற்றில் விட்டார். காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களை வளர்த்து, கழிவுநீரிலுள்ள அழுக்கைத் தின்னவைக்கும் முறை 1914-ல்தான் மான்செஸ்டரில் வந்தது. இந்தக் கதையைச் சொல்கிற புத்தகத்தை யோசிக்காமல் வாங்கலாம்.

கழிவறையைக் கண்டுபிடித்தவர் தாமஸ் கிராப்பர் என்று இருந்தால் அந்தப் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுங்கள். அவர் பிறந்தது 1836-ல். கீழே வளைந்து தண்ணீரைத் தேக்கி, சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுக்கும் குழாய்க்கு அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை வாங்கியது 1775-ல்.

இனி அந்த செட். தயவுசெய்து வாங்காதீர்கள். ஒரே புத்தகத்துக்கான விஷயத்தைப் பத்தாக நறுக்கி, படத்தைப் பெரிதாக்கி, அட்டையைக் கெட்டியாக்கி விற்பதுதான் இந்தத் தொழில். தமிழில் வருபவற்றில் இன்னொரு கோளாறு உண்டு. கணினியில் போட்டு மொழிபெயர்த்து அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மனித மலத்தை ஆங்கிலேயர் ‘நைட் சாயில்’ என்பார்கள். அது ‘இரவு மண்’ என்றும், தண்ணீர் ஊற்றித் தள்ளும் கழிவறையான ‘வாட்டர் குளோசெட்’ ‘தண்ணீர் அலமாரி’ என்றும் ஆகியிருந்ததை நானே ஒரு செட்டில் படித்தேன். அதைப் படித்த குழந்தைக்கு என்ன புரிந்திருக்கும்? நான் உட்கார்ந்திருந்த ஒரு புத்தகத் தேர்வுக் குழுவில் அந்த செட் தேறியது. அதே நாளில், அட்டையில் ‘மலம்’ என்று இருந்த குற்றத்துக்காக ஒரு நல்ல புத்தகம் தள்ளுபடி ஆனது. வாதாடினேன், தேநீர் வந்தது, அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்கள்.

சிரிப்பு மூட்டும் புத்தகமாக இருந்தால் நல்லதுதான், தாராளமாகச் சிரிக்கட்டும். ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்கவைக்கிறது என்று கவனியுங்கள். இதில் மட்டும் நான் கறார். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மலம் கழிக்கும்போது கூட இருந்து பணிவிடை செய்வது அரசவையில் செல்வாக்கான பதவி. அதைப் படித்துச் சிரிக்கலாம்; அரசனும் பெரிய மனிதன், பணிவிடைக்காரனும் பெரிய மனிதன். அதே நாட்டில் இரவில் மலக்குழிக்குள் இறங்கி அள்ளிய கூலியாள் வழுக்கி விழுவதுபோலப் படம் போட்டுச் சிரிக்கவைத்தால், அந்தப் புத்தகம் வேண்டாம். அவரை நாற்றம் பிடித்தவராக, மூக்கைப் பொத்தவேண்டிய ஆளாக மட்டும் காட்டினாலும் வேண்டாம். ‘அந்தக் காலத்தில் மனிதர்களே அள்ளினார்கள்’ என்று இறந்தகாலத்தில் முடித்துக்கொண்டாலும் வேண்டாம். இந்தியாவில் மனிதரை வைத்து மலம் அள்ளுவதற்கு எதிராக 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம். இரண்டும் இருக்கும்போதே செப்டிக் டேங்குக்குள் ஆட்கள் இறங்கிச் சாகிறார்கள். இதை எட்டு வயதுக்கு எப்படிச் சொல்வது என்று தயங்குகிறீர்கள், சரி. குழாயின் மறுமுனையில் ஒரு மனிதர் நிற்கிறார் என்று சொன்னால் போதும். அந்த வயதுக்கு அது நன்றாகவே புரியும்.

முகவர் மறுபடி வந்தால் சண்டை போடாதீர்கள். செட்டிலிருந்து சாக்கடை பற்றிய புத்தகத்தை மட்டும் பிரித்துத் தரமுடியுமா என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து யாரும் தந்ததில்லை.